மைப்படியும் மாற்று வழங்கியும்

மைசூருவில் இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு பல்லாயிரம் மைப்படிகளைச் சேர்த்தது. கல் சிதைந்தாலும் படியைப் படிக்கலாம். கல்லெழுத்து மாறுவதில்லையாதலால் ஒரு படியே போதும்.

வங்கிக் கணக்கோ நொடிதோறும் மாறுவது. ஆகவே, சர்வர் எனப்படும் முதன்மை வழங்கியின் ஒவ்வொரு மாற்றத்தையும் பின்தொடரும் மாற்று வழங்கி ஒன்றை ஆயத்தமாக வைக்கிறோம். அதுவே பழுதுற்றால், முதலில் அதில் காப்புநகலை நிறுவுகிறோம். நகலெடுத்த பின் நிகழ்ந்த மாற்றங்களைப் பதிவுக் கோப்புகளிலிருந்து வரிசை பிறழாது சேர்க்கிறோம். இடையில் ஒரு கோப்பு விடுபட்டால் அதற்கு மேல் சேர்க்க இயலாது. இரண்டும் ஒத்த நிலையை எட்டும்வரை முதன்மை வழங்கி துணையின்றி இயங்கும்.

இடர் மிகுந்த வேளை இதுவே. 2017 ஜனவரி 31 அன்று, கிட்லேப் என்னும் மென்பொருள் நிறுவனத்தில் மாற்று வழங்கியைச் சீரமைக்க முயன்ற பொறியாளர், தவறுதலாக முதன்மை வழங்கியின் தரவுகளை அழித்துவிட்டார். வழக்கமான காப்புநகல்கள் பயன்படவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முந்தைய நகல் ஒன்றே கைகொடுத்தது. இடைப்பட்ட பதிவுகள் பல மீளவில்லை.

மீட்டுப் பார்க்காத நகலை நம்புவதற்கில்லை. ஆகவே நகலெடுப்பதோடு நில்லாமல், அதை நிறுவியும் சோதிக்கிறோம். தாங்களும் தங்கள் ஆவணங்களின் நகலை அவ்வப்போது திறந்து பார்த்துவர வேண்டுகிறோம்.