மூளையின் காவலும் முதுகு நீர்ப் பரிசோதனையும்

மூளைக்காய்ச்சல் என ஐயுற்று முதுகிலிருந்து நீர் எடுக்க வேண்டும் என நாங்கள் கூறும்போது, குடும்பத்தினர் பலரும் தயங்குகின்றனர். இரத்தப் பரிசோதனை போதாதா எனக் கேட்கின்றனர். உடல் தன் மூளையைக் காக்கும் முறையை அறிந்தால் இத்தயக்கம் நீங்கும்.

1885ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக், விலங்குகளின் இரத்தத்தில் சாயத்தைச் செலுத்திப் பார்த்தார். மற்ற உறுப்புகள் நிறம் பெற்றன. மூளை பெரும்பாலும் நிறம் மாறவில்லை. மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்களில் செல்கள் இடைவெளியின்றி ஒட்டியிருப்பதே காரணம் எனப் பின்னர் தெளிவாயிற்று. ஆக்சிஜன், குளுக்கோஸ் போன்றவற்றை ஏற்கும் இத்தடுப்பு, பெரும்பாலான கிருமிகளை உள்ளே விடுவதில்லை.

மூளையைச் சுற்றி மூன்று உறைகளும், அவற்றிடையே தெளிந்த நீரும் உள்ளன. உறைகளில் நோய் எதிர்ப்புச் செல்கள் காவல் நிற்கின்றன. மூளைக்குள்ளேயே வாழும் 'மைக்ரோகிளியா' என்னும் செல்கள் கிருமிகளை விழுங்குகின்றன. ஆனால் இரத்தத்தில் ஒரு கன மில்லிமீட்டருக்குப் பல ஆயிரம் இருக்கும் வெள்ளணுக்கள், பெரியவர்களின் மூளை நீரில் ஐந்துக்கு மேல் இருப்பதில்லை. மண்டையோடு விரிந்து கொடுக்காது. அதனுள் பெரும் போர் மூண்டு வீக்கம் ஏற்பட்டால் மூளையே நசுங்கும்.

கிருமி தடுப்பைக் கடந்துவிட்டால் வெள்ளணுக்கள் அந்நீரில் திரள்கின்றன. பாக்டீரியா தொற்றாயின் குளுக்கோஸ் குறைகிறது, புரதம் கூடுகிறது. தடுப்புக்கு அப்பால் நிகழும் இம்மாற்றங்களை இரத்தம் காட்டாது, அந்நீரே காட்டும்.

ஊசியால் கால்கள் செயலிழக்கும் என்ற அச்சம் பரவலாக உள்ளது. பெரியவர்களின் தண்டுவடம் இடுப்பெலும்பின் மட்டத்திற்கு மேலேயே முடிந்துவிடுகிறது; நாங்கள் அதற்குக் கீழேதான் ஊசியைச் செலுத்துகிறோம். எடுப்பது சில மில்லிலிட்டர் மட்டுமே; உடல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 மில்லிலிட்டர் புதிதாகச் சுரக்கிறது. சிலருக்குச் சில நாட்கள் தலைவலி இருக்கலாம். மூளையில் அழுத்தம் மிகுந்திருப்பதாக ஐயமிருந்தால் முதலில் ஸ்கேன் எடுப்போம். அதற்காக மருந்தைத் தாமதிப்பதில்லை.

கிருமியைத் தடுக்கும் அதே சுவர் மருந்தையும் தடுக்கிறது. ஆகவே ஆன்டிபயாட்டிக்கை உயர்ந்த அளவில் நரம்பு வழியே செலுத்துகிறோம். வீக்கத்தைத் தணிக்கச் சிலருக்கு ஸ்டீராய்டும் தருகிறோம். காய்ச்சல் தணிந்தவுடன் சிகிச்சையை நிறுத்தலாகாது. காசநோய்க் கிருமியால் வந்த மூளைக்காய்ச்சலுக்குச் சிகிச்சை ஏறத்தாழ ஓராண்டு நீளும்.

காய்ச்சலுடன் கடும் தலைவலி, கழுத்து விறைப்பு, வாந்தி, குழப்பம், மயக்கம், வலிப்பு ஆகியவற்றுள் எது தோன்றினும் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள். கைக்குழந்தைகளில் கழுத்து விறைப்பு தெரியாமல் போகலாம். பால் குடிக்க மறுத்தல், ஓயாத அழுகை, உச்சிக்குழி புடைத்தல் ஆகியவற்றைக் கவனியுங்கள். பென்டாவேலன்ட், நிமோகாக்கல் தடுப்பூசிகளை உரிய காலத்தில் போட்டுக்கொண்டால், இந்நோயை உண்டாக்கும் முக்கியக் கிருமிகள் சிலவற்றை இரத்தத்திலேயே தடுத்துவிடலாம்.