இயற்கையே வழிபாட்டின் மொழி

இறையுணர்விலிருந்து பிறக்கும் கலை இயற்கையை எவ்வாறு நோக்க வேண்டும்? இளங்கோவடிகள் இதற்கு வழிகாட்டுகிறார். சிலப்பதிகாரத்தின் மங்கல வாழ்த்து, திங்களையும் ஞாயிற்றையும் மாமழையையும் போற்றித் தொடங்குகிறது. உலகனைத்திற்கும் வழங்கும் தன்மையாலேயே அவை போற்றுதலுக்கு உரியன ஆகின்றன.

வஞ்சிக் காண்டத்தில், வேங்கை மர நிழலில் நின்ற கண்ணகி விண்ணுலகு செல்வதைக் கண்ட குன்றக் குறவர், அவளைத் தம் குலத் தெய்வமாக ஏற்றுக் குரவைக் கூத்து ஆடுகின்றனர். அவர்களுடைய பாடலில் அருவியும் தினைப்புனமும் முருகன் உறையும் குன்றும் ஒன்றாகக் கலந்துள்ளன. மலையும் மரமும் அவர்களுக்கு வழிபாட்டின் மொழியாயின.

குமுளிக்கு அருகே, பெரியாறு புலிகள் காப்பகத்தினுள் அமைந்த மங்கலதேவி கோட்டமே சேரன் செங்குட்டுவன் எடுப்பித்த கோயில் எனத் தமிழறிஞர் பலர் கருதுவர். ஆண்டுதோறும் சித்திரைப் பௌர்ணமி அன்று மட்டுமே அங்குப் பக்தர்கள் அனுமதிக்கப்படுகின்றனர். பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை உண்டு. ஏனைய நாள்களில் கானகம் தன் இயல்பில் இருக்கிறது. இக்கட்டுப்பாடும் வழிபாட்டின் ஓர் அங்கமே.

படைப்பைப் போற்றிவிட்டு அதனையே சிதைப்பது பக்தியாகாது. கோலம் இடுபவரும் திருவிழாவுக்கு உருவம் வடிப்பவரும், தாம் கையாளும் பொருள் மண்ணையும் நீரையும் கெடுக்குமா என்று முதலில் எண்ணுதல் வேண்டும். அரிசி மாவுக் கோலம் எறும்புக்கு உணவாகிறது. சாயம் பூசாத களிமண் உருவம் நீரில் கரைந்து மீண்டும் மண்ணோடு சேர்கிறது. இறைவனிடமிருந்து பெற்றதை மாசுபடாமல் அவனிடமே திரும்ப ஒப்படைக்கும் கலையே நிறைவான அர்ப்பணம்.