மூச்சு நோய்: மூவரும் மனம்விட்டுப் பேச வேண்டும்



சி.ஓ.பி.டி. எனப்படும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் முற்றிலும் குணமாவதில்லை, கட்டுக்குள் வைக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் இந்நோயால் இறந்தவர்கள் சுமார் 35 லட்சம் பேர். பீடி, சிகரெட் மட்டுமல்ல, பல்லாண்டுகள் சுவாசித்த விறகடுப்புப் புகையும் இதற்குக் காரணமாகிறது. எனவே புகைபிடிக்காத நம் தாய்மார்களுக்கும் வருகிறது.

ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டிய சிகிச்சை இது. இதில் மருத்துவர், நோயாளி, வீட்டில் கவனித்துக்கொள்பவர் ஆகிய மூவரின் விருப்பமும் ஒன்றாக இருப்பதில்லை. நோய் திடீரென முற்றி மருத்துவமனையில் சேரும் நிலை வரக்கூடாது என்பது மருத்துவரின் நோக்கம். மூச்சு வாங்காமல் ஒளு செய்து, நின்று தொழ வேண்டும் என்பது நோயாளியின் ஆசை. இரவில் மூச்சு முட்டினால் என்ன செய்வது, மாதச் செலவுக்கு என்ன வழி என்பது கவனிப்பவரின் கவலை.

இவற்றைப் பேசாமல் விடுவதால் சிகிச்சை கெடுகிறது. 'இன்ஹேலர் பழகிவிடும்' என்று பயந்து, சற்று நலமானதும் நோயாளி நிறுத்திவிடுகிறார். வீட்டாரும் சொல்வதில்லை. மருந்து போதவில்லை என்று எண்ணி மருத்துவர் இன்னொன்றைச் சேர்க்கிறார். உண்மையில், சால்பியூட்டமால் மாத்திரை 2 அல்லது 4 மில்லிகிராம். இன்ஹேலரில் ஒருமுறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம் மட்டுமே. குறைந்த மருந்து நேராக நுரையீரலுக்குச் செல்கிறது.

ஆகவே மருத்துவரிடம் செல்லும்போது நாம் சொல்ல வேண்டியவை:

1. எந்த வேலை செய்யும்போது மூச்சு வாங்குகிறது, எந்த மருந்தை எத்தனை நாள் விட்டோம் என்பதை மறைக்காமல் சொல்வோம்.

2. அழுத்த விரலில் வலு இல்லையா? வேகமாக இழுக்க முடியவில்லையா? அதற்கேற்ற வேறு வகை இன்ஹேலர் உண்டு. அழுத்துவதும் இழுப்பதும் ஒரே நேரத்தில் வராதவர்களுக்கு ஸ்பேசர் உதவும்.

3. மருந்து வாங்க வசதியில்லை என்றால் வெட்கப்படாமல் கூறுவோம். வாங்காத மருந்து வேலை செய்யாது.

4. வீட்டில் ஆக்சிஜன் வைக்கச் சொன்னால், பொதுவாக நாளொன்றுக்கு 15 மணி நேரமாவது தேவைப்படும். மின்வெட்டு, மின்கட்டணம், இரவில் யார் பார்ப்பது என்பதைக் கவனிப்பவரே கேட்கட்டும்.

5. நோன்புக்கு முன்பே மருந்து நேரத்தை ஸஹர், இஃப்தாருக்கு மாற்ற முடியுமா என்று கேட்போம். மூச்சு முட்டினால் உடனடி மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது.

வாப்பாவின் சிகிச்சையை வாப்பாவைக் கேட்காமல் பிள்ளைகளே முடிவு செய்வதும், கவனிக்கும் மருமகளைக் கேட்காமல் மற்றவர்கள் முடிவு செய்வதும் சரியல்ல. மருத்துவருடன் எல்லோரும் மஷூரா செய்து முடிவெடுப்பதே நிலைக்கும். அடுத்த முறை செல்லும்போது வீட்டிலுள்ள இன்ஹேலரை எடுத்துச் சென்று, அவர் முன்னிலையில் ஒருமுறை இழுத்துக் காட்டுங்கள். தவறிருந்தால் அங்கேயே திருத்திக்கொள்ளலாம், இன்ஷா அல்லாஹ்.