இருங்காட்டுக்கோட்டைக்கு முதன்முதலாகப் போகிறவர்களுக்கு

ட்ராக் டே என்றால் பந்தயம் கிடையாது. வீட்டில் இருப்பவர்களுக்கு இதை ஒருமுறை சொன்னால் போதும். நமக்கு நாமே பலமுறை சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கும். பணம் கட்டி, சொந்த வண்டியைக் கொண்டுபோய், லாரி எதிரே வராத, நாய் குறுக்கே ஓடாத தடத்தில் ஓட்டிப் பழகும் நாள் அது. கோப்பையும் இல்லை, கைதட்டலும் இல்லை.

சென்னையில் இந்தப் பித்துக்கு வயது அதிகம். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல் தொடங்கியது. சோழவரத்தில், உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடந்த காலத்தைப் பற்றி இன்றும் பெரியவர்கள் கண் விரியப் பேசுவார்கள். 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரத் தடம் வந்தது. இப்போது மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று பெயர். பழகியவர்கள் வாயில் இன்னும் எம்எம்ஆர்டிதான். 3.717 கிலோமீட்டர், 12 வளைவுகள். கோவை செட்டிபாளையத்தில் காரி ஸ்பீட்வேயில் ஓட்டிப் பழகியவர்கள்கூட இங்கே வந்ததும் கொஞ்சம் மிரள்வார்கள். காரியில் ஒரு வளைவு முடிவதற்குள் அடுத்தது வந்துவிடும். இங்கே மெயின் ஸ்ட்ரெய்ட்டில் வண்டி மூச்சைப் பிடித்து ஓடும். அது முடியும் இடத்தில் சி1 என்ற வலது வளைவு. தெரிந்தவர்கள் அதை எடுக்கும் வேகத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தால் நமக்குத்தான் வயிற்றைப் பிசையும்.

என்னிடம் இருப்பது ஓசூர் வண்டி, அப்பாச்சி ஆர்ஆர் 310. பெரிய வண்டி இல்லை. அதிலேயே 150-ஐத் தொடலாம். 150 என்றால் நொடிக்கு ஏறக்குறைய 42 மீட்டர். 75-ல் பிரேக் பிடித்து நிற்க எவ்வளவு தூரம் வேண்டுமோ, அதைப் போல நான்கு மடங்கு 150-ல் வேண்டும். நம் ஊர்ச் சாலையோ கண்ணைத் தாழ்த்தி வைத்துப் பழக்கியிருக்கிறது. பள்ளம், மணல், சொல்லாமல் முளைத்த வேகத்தடை எல்லாம் முன்சக்கரத்துக்கு இருபது மீட்டர் முன்னால் இருக்கும் என்று தேடியே வளர்ந்தவர்கள் நாம். தடத்தில் அந்த இருபது மீட்டரை வண்டி அரை நொடியில் விழுங்கிவிடும். ஆகவே முதல் நாளுக்கான ஆயத்தம் முழுவதையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் செய்வேன்: எது என் கண்ணைக் கீழே இழுக்கும்? அதை வீட்டிலேயே தீர்த்துவிட்டுப் போக முடியுமா?

உடுப்பிலிருந்து தொடங்குகிறேன். தோல் சூட் கட்டாயம். ஒரே துண்டாக இருப்பது நல்லது. இரண்டு துண்டு என்றால் இடுப்பைச் சுற்றி முழுவதும் ஜிப்பால் இணைய வேண்டும். முதுகுக் காப்பு, மணிக்கட்டை மூடும் கையுறை, கணுக்காலுக்கு மேல் ஏறும் பூட்ஸ், முழுமுக ஹெல்மெட். ஹெல்மெட் வார் டபுள் டி வளையமாக இருக்கிறதா என்று பல அமைப்பாளர்கள் பார்ப்பார்கள். வாங்கினாலும் வாடகைக்கு எடுத்தாலும் சூட்டை நின்றபடி போட்டுப் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். குனிந்து உட்காருவதற்காக வெட்டித் தைத்தது அது. நிற்கும்போது முழங்காலையும் தோளையும் இழுக்கத்தான் செய்யும். முழு உடுப்பில் ஹெல்மெட்டோடு வண்டியில் ஏறி, டேங்க் மேல் தாடை படும்படி படுத்துப் பாருங்கள். சூட்டின் முதுகில் இருக்கும் கூன் ஹெல்மெட்டின் பின்விளிம்பை இடித்துத் தலையைக் கீழே தள்ளினால், உங்களுக்குத் தெரிவது டேங்க் மூடி மட்டும்தான். கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார். வீட்டு போர்ட்டிகோவில் பத்து நிமிடம் இப்படிக் கிடந்து பார்த்தால் தெரிந்துவிடும். பக்கத்து வீட்டார் சிரித்தால் சிரிக்கட்டும்.

சென்னை வெயிலில் தோல் உடுப்பு என்பது தனிச் சோதனை. தாகம் எடுத்த பிறகு தண்ணீர் குடித்தால் தாமதம். முந்தின இரவிலிருந்தே குடிக்கத் தொடங்குங்கள். ஓஆர்எஸ் பாக்கெட், மோர், இளநீர் எது ஒத்துக்கொள்கிறதோ அது. செஷன் முடிந்து வந்ததும் சூட்டை இடுப்புவரை கழற்றிவிட்டு நிழலில் உட்காருங்கள். மதியம் தயிர்சாதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிரியாணி எங்கும் போய்விடாது, சாயங்காலம் சாப்பிடலாம்.

அடுத்தது வண்டி. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மை உள்ளது. ஈரம் ஏறிய ஆயில் தொடர்ந்து அழுத்திப் பிடிக்கும் பிரேக்கின் சூட்டில் கொதித்துக் குமிழிவிடும். லிவர் பஞ்சுபோல் உள்ளே போகும். சாலையில் வருடக்கணக்காகத் தெரியாமல் இருந்த குறை, மூன்றாவது சுற்றில் தெரியவரும். அந்த வாரமே புது ஆயில் ஊற்றிக்கொள்ளுங்கள். பேடுகள் பாதிக்குமேல் இருக்க வேண்டும்.

ரேடியேட்டரில் கூலண்ட்டை இறக்கிவிட்டு வெறும் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றச் சொல்வார்கள். எங்கள் தெரு மெக்கானிக் தம்பி நம்பவே இல்லை. “என்னண்ணா, போன மாசம் போட்ட கூலண்ட்டு. எதுக்கு இறக்கணும்? வண்டி சூடாயிடாதா?” வண்டிக்காக இல்லை, பின்னால் வருபவருக்காக என்று விளக்க வேண்டியிருந்தது. நான் விழுந்து ரேடியேட்டர் உடைந்தால் தண்ணீர் வெயிலில் காய்ந்துவிடும். கூலண்ட்டில் இருக்கும் கிளைக்கால் காயாமல் வழுக்கிக்கொண்டே இருக்கும். தட நாள் முடிந்ததும் மறக்காமல் கூலண்ட்டை மறுபடி ஊற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே அரிக்கும்.

கழற்ற வேண்டியவை: கண்ணாடிகள், நம்பர் பிளேட், மொபைல் ஹோல்டர், லெக் கார்டு, சாரி கார்டு. வெளிநாட்டுக்காரர்கள் எழுதும் பட்டியல்களில் கடைசிப் பொருளைப் பார்க்கவே முடியாது. நம் பட்டியலில் அதுதான் கழற்ற அதிக நேரம் எடுக்கும், அதன் போல்ட் எப்போதும் துருப்பிடித்தே இருக்கும். விளக்குகள்மேல் டேப் ஒட்டுங்கள், உடைந்தால் சில்லுகள் சிதறாது. அதே டேப்பில் ஒரு துண்டைக் கிழித்து ஸ்பீடோமீட்டர்மேலும் ஒட்டுங்கள். இதை யாரும் கட்டாயப்படுத்துவதில்லை; நானாகச் சொல்கிறேன். எத்தனை தொட்டோம் என்று பார்க்கும் ஆசை, பிரேக் பிடிக்க வேண்டிய இடத்தில்தான் சரியாக வரும்.

டயர் காற்று விஷயத்தில் ஆளுக்கொரு எண் சொல்வார்கள். ஓடும்போது டயர் சூடேறி உள்ளிருக்கும் அழுத்தம் கூடும் என்பதால், கையேடு சொல்வதைவிட இரண்டு மூன்று பிஎஸ்ஐ குறைத்துத் தொடங்குவது வழக்கம். சொந்தமாக ஒரு கேஜ் வைத்துக்கொண்டு, செஷன் முடிந்து வந்த உடனே அளந்து, ஒரு தாளில் குறித்துவையுங்கள். அடுத்தவர் எண்ணைவிட உங்கள் தாள் பயன்படும். புது டயரை முந்தின நாள் மாட்டிக்கொண்டு போகாதீர்கள். மேல்தோலின் வழுவழுப்பு போகும்வரை அதை நம்ப முடியாது.

தடத்தில் முதல் வரிசை வண்டிப் பரிசோதனை. அங்கே இருப்பவர் அதிகம் பேசமாட்டார். முன்பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுவார், செயினைக் கட்டைவிரலால் தூக்கிப் பார்ப்பார், ஆக்சிலரேட்டரை முறுக்கிவிட்டுத் தானாகத் திரும்புகிறதா என்று காது கொடுப்பார், டேங்க் அடியில் விரலைவிட்டு எண்ணெய்க் கசிவு தடவுவார். அவரிடம் வாதாடாதீர்கள். கையெழுத்துப் போடச் சொல்லும் படிவத்தையும் படித்துவிட்டுப் போடுங்கள். சாதாரண வாகனக் காப்பீடு பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் பொருந்தாது. தடத்தில் உடையும் ஒவ்வொரு பாகமும் உங்கள் பையிலிருந்துதான்.

பிறகு கொடி வகுப்பு. மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, முந்தக்கூடாது. மஞ்சளில் சிவப்புக் கோடுகள் இருந்தால் தடத்தில் எண்ணெயோ வழுக்கலோ இருக்கிறது. சிவப்பு வந்தால் செஷன் நின்றது. சட்டென்று பிரேக் அடிக்காமல் வேகத்தைக் குறைத்துப் பிட்டுக்குத் திரும்ப வேண்டும். கறுப்பு உங்களைக் காட்டி ஆடினால் உள்ளே வாருங்கள். நீலம்தான் நம்மவர்களைக் குழப்பும். வேகமானவர் பின்னால் வருகிறார் என்று அதற்குப் பொருள். சாலையில் பின்னால் ஹாரன் கேட்டால் இடப்பக்கம் ஒதுங்கியே பழகிவிட்டோம். தடத்தில் அந்த மரியாதை ஆபத்து. அவர் உங்கள் போக்கைக் கணித்து முந்தத் தொடங்கியிருப்பார், நீங்கள் ஒதுங்கும் இடத்துக்குத்தான் அவரும் வந்துகொண்டிருப்பார். நீங்கள் போகும் கோட்டிலேயே போங்கள். முந்துவது அவர் வேலை.

குழு பிரிக்கும்போது கூச்சப்படாமல் தொடக்கநிலைக் குழுவில் பெயர் கொடுங்கள். 2023-ல் இந்தத் தடத்துப் பந்தயங்களில் ஒரு மூத்த கார் ஓட்டுநரும் 13 வயதுப் பையன் ஒருவனும் இறந்துபோனார்கள். பயிற்சியும் பழக்கமும் உள்ளவர்களுக்கே அந்த இடம் அப்படி.

எனக்குக் கிடைத்த மிக நல்ல அறிவுரை, பயிற்சியாளர் ஒருவர் பிட் வாசலில் சொன்னது. “தம்பி, முதல் செஷன்ல எதையும் நிரூபிக்க வேண்டாம். மார்ஷல் போஸ்ட் எத்தனை இருக்குன்னு எண்ணிட்டு வந்து சொல்லுங்க, போதும்.” விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். எண்ண வேண்டுமென்றால் ஒவ்வொரு வளைவிலும் தலையைத் தூக்கி, அடுத்த போஸ்ட் எங்கே என்று தூரத்தில் தேட வேண்டும். தேடினால் வண்டி கண் போன பக்கம் தானாக வளைந்தது. கொடி எங்கிருந்து வரும் என்பதும் மனப்பாடமானது. புதிதாக வரும் எல்லாருக்கும் நான் இப்போது இதையே சொல்கிறேன்.

பிரேக் பிடிக்கும் இடத்துக்கு ஓர் அடையாளம் வேண்டும். அது அசையாததாக இருக்கட்டும்: தார் ஒட்டு, சுவரில் வர்ணம் மாறும் இடம், கெர்ப் தொடங்கும் முனை. மரநிழலை அடையாளமாக வைத்தால் மதியத்துக்குள் அது பல மீட்டர் நகர்ந்துவிடும். முதல் நாளில் எல்லாரும் பிடிக்கும் இடத்துக்கு வெகு முன்பே பிடித்து, வளைவுக்குள் நிதானமாக நுழையுங்கள். கைப்பிடியை இறுக்கினால் நான்கு சுற்றில் முன்கை மரத்துப்போகும். முழங்காலால் டேங்கைக் கவ்விக்கொண்டால் கை தளரும். வளைவு அகன்று தடத்தைவிட்டு வெளியே போகிறீர்கள் என்று தெரிந்தால் புல்லைப் பார்க்காதீர்கள், பார்த்த இடத்துக்கே வண்டி போகும். போய்விட்டால் வண்டியை நிமிர்த்தி, முன்பிரேக்கைத் தொடாமல், மெல்ல வேகம் குறையவிடுங்கள்.

கடைசி செஷனை விட்டுவிடலாம். பணம் கட்டியிருக்கிறோமே என்று உடம்பு தளர்ந்த பிறகும் இறங்குபவர்கள்தான் அன்று மாலை மார்ஷல்களுக்கு வேலை வைக்கிறார்கள்.

வீடு திரும்பும் பயணத்துக்கு ஒரு குட்டி யானையை முன்கூட்டியே பேசிவிடுங்கள், போக மட்டுமல்ல, வரவும் சேர்த்து. நாள் முழுக்க அந்த வேகத்தில் இருந்த கண்ணுக்கு பெங்களூரு நெடுஞ்சாலையில் 80 என்பது நிற்பதுபோல் தெரியும். கை தானாக முறுக்கும். அங்கே கொடி காட்ட ஆள் கிடையாது, சிப்காட்டிலிருந்து டிரெய்லர்கள் விளக்கில்லாமல் திரும்பும். அன்று மாலை வண்டி பின்னால் கட்டிக் கிடக்கட்டும், நீங்கள் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வாருங்கள்.