ரெக்கார்டிங் பெட்டி வாங்கப் போகிறீர்களா?

எங்கள் வீட்டில் டிவித் தகராறு எப்போதும் இரவு ஏழரை மணிக்குத்தான் முற்றும். ஐபிஎல் ஆட்டம் தொடங்குவதும் அப்போதுதான், அம்மாவின் சீரியல்கள் வரிசைகட்டி வருவதும் அப்போதுதான். ‘பேசாம இன்னொரு டிவி வாங்கிருவோம்’ என்றான் தம்பி. எல்லோரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து பழகிய வீட்டை ஆளுக்கொரு அறையாகப் பிரிக்க எனக்கு மனமில்லை. பழைய கேபிள் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ரெக்கார்டிங் வசதியுள்ள எச்டி டிடிஎச் இணைப்பும் 43 அங்குல டிவியும் வாங்கினோம். மதுரையின் வெயிலையும் ஐப்பசி மழையையும் அந்த இணைப்பு பார்த்துவிட்டது. பெட்டிக்கும் திரைக்கும் காட்டுகிற அக்கறையை வயருக்கும் வீட்டாரின் பழக்கத்துக்கும் காட்டினால்தான் போட்ட காசு பலிக்கும் என்பது இதில் நான் கண்டது.

தேவை இருக்கிறதா?

சீரியலும் சினிமாவும் மட்டும்தான் தேவை, வீட்டில் நல்ல இணையமும் இருக்கிறது என்றால் ரெக்கார்டர் வேண்டியதில்லை. சன் நெக்ஸ்ட், ஜியோஹாட்ஸ்டார் போன்ற செயலிகளிலேயே முந்தைய எபிசோடுகள் கிடைக்கும். எங்களுக்குத் தேவைப்பட்டது வேறு காரணத்தால். சேனல் நம்பர் எல்லாம் அம்மாவுக்கு மனப்பாடம். செயலிக்குள் போய்த் தேடச் சொன்னால் ரிமோட்டைக் கீழே வைத்துவிடுவார். கள்ளழகர் ஆற்றில் இறங்கும் நேரலை, டிடி தமிழில் வரும் கச்சேரி போன்றவை பிறகு எங்கே கிடைக்கும் என்று தேடி அலைய வேண்டும். (2024 ஜனவரி வரை பொதிகையாக இருந்ததுதான் இந்த டிடி தமிழ்.) ஓடிக்கொண்டிருக்கும் நிகழ்ச்சியை அப்படியே நிறுத்திவைத்து, போன் பேசிவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து பார்க்கலாம் என்பது கூடுதல் லாபம். வீட்டில் யார் எதை, எந்த நேரத்தில் பார்க்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். இரண்டு பேருடைய நேரம் அடிக்கடி மோதினால் மட்டும் ரெக்கார்டருக்குப் போங்கள்.

மாடியிலிருந்து எத்தனை வயர்?

கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார், நாம்தான் கேட்க வேண்டும். ஒன்றைப் பதிவு செய்துகொண்டே இன்னொன்றைப் பார்க்கப் பெட்டிக்குள் சேனலைப் பிடிக்கும் ட்யூனர் இரண்டு இருந்தால் மட்டும் போதாது. டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்என்பிக்குப் பெட்டி வயர் வழியாக 13 வோல்ட் அல்லது 18 வோல்ட் அனுப்புகிறது. 13 போனால் சேனல்களில் ஒரு பாதி வரும், 18 போனால் மறுபாதி வரும். ஒரே வயரில் ஒரே நேரத்தில் இரண்டையும் அனுப்ப முடியாது. அதனால் சாதாரண அமைப்பில் இரட்டை எல்என்பியும் இரண்டு வயரும் வேண்டும். எங்கள் வீட்டுக்கு வந்த பையன் ஒரே வயரைத்தான் கொண்டுவந்தான். ‘ஒண்ணே போதும்ணே, படம் நல்லாத்தான் வரும்’ என்றான். படம் வரும்தான். பதிவு ஓடும்போது மற்ற சேனல்களில் பாதியைத் திறக்க முடியாமல் போகும். இன்னொரு வயரும் இழுத்தால்தான் பணம் என்று சொன்ன பிறகு இழுத்தான்.

வயரில் இன்னொரு விஷயம். மாடியில் அது எல்என்பியோடு சேரும் திருகு முனையில் தண்ணீர் இறங்கினால் நடுவிலுள்ள செம்புக் கம்பி பச்சை பூத்துவிடும். எங்கள் பழைய வயரை வெட்டிப் பார்த்தபோது ஒரு விரல் நீளத்துக்கு அப்படித்தான் இருந்தது. முனையை ரப்பர் டேப்பால் சுற்றச் சொல்லுங்கள். வீட்டுக்குள் நுழையும் இடத்தில் வயரைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றச் சொல்லுங்கள். மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிப்போகும், சுவருக்குள் வராது.

நிறுவனம் மாறுகிறவர்கள் கவனிக்க: பழைய டிஷ் அப்படியே ஆகாது. டாடா ப்ளேயின் செயற்கைக்கோள் 83 பாகை கிழக்கில் நிற்கிறது, ஏர்டெல்லுடையது 108.2-இல். டிஷ்ஷைத் திருப்பியே ஆக வேண்டும். அதற்குத் தனியாகக் காசு உண்டா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

ஹார்டு டிஸ்க்கா, பென் டிரைவா?

உள்ளேயே ஹார்டு டிஸ்க் வைத்த பெட்டி நம் நாட்டுக்குப் புதிதல்ல. 2008-லேயே டாடா ஸ்கை ப்ளஸ் வந்துவிட்டது. விலை குறைந்த பெட்டிகளில் பின்புறம் ஒரு யுஎஸ்பி ஓட்டை மட்டும் இருக்கும், பென் டிரைவையோ வெளி டிஸ்க்கையோ நாம் செருகிக்கொள்ள வேண்டும். இந்த வகையில் ஒரே ட்யூனர் என்றால் பார்க்கும் சேனலைத்தான் பதியலாம். ஏழரை மணிச் சண்டை தீராது.

இடக் கணக்கு எளிது. நொடிக்கு 8 மெகாபிட் வேகத்தில் வரும் எச்டி சேனல் மணிக்கு 3.6 ஜிபி பிடிக்கும். 32 ஜிபி பென் டிரைவ் ஒரு நீளமான கிரிக்கெட் ஆட்டத்தோடு மூச்சு வாங்கும். 500 ஜிபிக்குக் குறையாமல் போவது நல்லது. செருகியதும் ‘ஃபார்மேட் செய்யவா’ என்று பெட்டி கேட்கும். சரி என்றால் அதிலிருந்த கல்யாண போட்டோ எல்லாம் போய்விடும். காலி டிரைவ்தான் கொடுக்க வேண்டும்.

பதிந்தவை நம் சொத்து என்று நினைத்துவிடாதீர்கள். அவை பூட்டப்பட்ட கோப்புகள். எந்தப் பெட்டியில் பதிந்தோமோ அதில்தான் ஓடும். கம்ப்யூட்டரில் போட்டால் திறக்காது. பெட்டி பழுதாகி மாற்றினாலும் போச்சு. பல பெட்டிகளில் ரீசார்ஜ் முடிந்த அன்றே பழைய பதிவும் ஓட மறுக்கும். காலத்துக்கும் வைத்திருக்க நினைக்கும் எதையும், உங்கள் பெண் பள்ளிக்கூட நிகழ்ச்சியில் பாடி ஒரு சேனலில் வந்ததைக்கூட, அந்தச் சேனல்காரரிடமே பிரதி கேட்டு வாங்கிவிடுங்கள்.

சுவிட்சை அணைக்கும் கை

ரெக்கார்டிங்குக்கு முதல் எதிரி அப்பாதான். படுக்கப் போகுமுன் வீட்டிலுள்ள எல்லாச் சுவிட்சையும் அணைத்துவிட்டுத்தான் படுப்பார். ரிமோட்டில் அணைத்தால் பெட்டி ஸ்டாண்ட்பையில் இருக்கும், பதிவும் நடக்கும். சுவரில் அணைத்தால் நடக்காது. டிவிக்கும் பெட்டிக்கும் தனித்தனிப் பிளக் போட்டு, டிவியினுடையதை மட்டும் அப்பாவுக்கு விட்டுக்கொடுத்தோம். ‘அது சும்மா கரண்டைத் தின்னுக்கிட்டே இருக்குமேடா’ என்றார். அதையும் கணக்குப் போட்டுக் காட்டினேன்: 15 வாட் இழுக்கும் பெட்டி நாள் முழுக்க ஓடினால் மாதம் சுமார் 11 யூனிட், இரண்டு மாத பில்லில் 22. இதைத் தெரிந்தே ஏற்க வேண்டும். இடி மின்னல் வந்தால் மட்டும் விதிவிலக்கு: பிளக்கோடு டிஷ் வயரையும் கழற்றிவிடுங்கள், பதிவு போனால் போகட்டும்.

பதிவு வைக்கும்போது தொடக்கத்துக்கு 5 நிமிடம் முன்னும் முடிவுக்கு 10 நிமிடம் பின்னும் சேர்த்து வையுங்கள். பட்டியலில் இருக்கும் நேரத்தை எந்தச் சேனலும் மதிப்பதில்லை. கடைசிக் காட்சிதான் வெட்டுப்படும். கிரிக்கெட்டுக்கு ஒரு மணி நேரமே கூட வைக்கலாம். சீரியலுக்குத் ‘தொடர் பதிவு’ ஒருமுறை போட்டால் போதும். டிஸ்க் நிறைந்தால் பழையதைத் தானாக அழிக்கும் பெட்டிகள் உண்டு. வேண்டியதைப் பூட்டி வைக்கும் வசதி மெனுவில் எங்கிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மாதாமாதம் போகும் பணம்

பெட்டியின் விலை ஒருநாள் வலி, ரீசார்ஜ்தான் நீளும். 2019-இல் ஒழுங்குமுறை ஆணையமான டிராய் புதிய கட்டண முறையைக் கொண்டுவந்த பிறகு, வேண்டிய சேனலை மட்டும் தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்கு இருக்கிறது. ஒரே சேனலின் சாதா வடிவமும் எச்டி வடிவமும் தனித்தனிச் சேனல்கள், தனித்தனி விலை. எச்டிக்கு மாறியதும் பட்டியலைத் திறந்து பார்த்தால் இரண்டும் இருக்கும். சாதாவை நீக்குங்கள். எல்லாவற்றுக்கும் எச்டி வேண்டுமா என்றும் யோசியுங்கள். எங்கள் வீட்டில் விளையாட்டுக்கும் சினிமாவுக்கும் எச்டி, செய்திக்குச் சாதா. சாதாவில் பதிந்தால் டிஸ்க்கிலும் இடம் மிச்சம்.

டிவியில் சரிசெய்ய வேண்டியவை

புது டிவி வாங்கியும் படம் மங்கல் என்று சொல்பவர்கள் வீட்டில் பெட்டியின் பின்னால் போய்ப் பாருங்கள். மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயரே இன்னும் இருக்கும். அதில் எச்டி வராது. எச்டிஎம்ஐ வயர் போட்டு, பெட்டியின் மெனுவில் 1080-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய படங்களில் முகங்கள் பூசணிக்காயாக அகன்று தெரிந்தால் படத்தின் விகிதத்தை 4:3 ஆக்குங்கள். சினிமா எல்லாம் சீரியல் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடினால், டிவியில் அசைவைச் சீராக்கும் அமைப்பு ஒன்று இருக்கும், அதை அணையுங்கள்.

ஆளை அனுப்பும் முன்

பொருத்த வந்தவர் படம் தெரிந்ததும் கையெழுத்துக் கேட்பார். பொறுங்கள். மெனுவில் சிக்னல் தரம் எவ்வளவு என்று காட்டச் சொல்லுங்கள். வானம் தெளிவாக இருக்கும்போதே பாதியில் நிற்கிறது என்றால் தூறலுக்கே படம் போய்விடும். டிஷ்ஷை இன்னும் திருத்த வேண்டும். நல்ல அளவு இருந்தாலும் கொட்டும் மழையில் கொஞ்ச நேரம் போகத்தான் செய்யும், டிஷ்ஷுக்கு வரும் அலைவரிசையின் குணம் அது. அடுத்து ஒரு சேனலைப் பதிவில் போட்டு, வேறு வேறு சேனல்களாக ஐந்தாறு மாற்றிப் பாருங்கள். பதிந்ததை ஓட்டிப் பாருங்கள். கடைசியாக, வீட்டில் அதிகம் பார்ப்பவர் யாரோ அவர் கையில் ரிமோட்டைக் கொடுத்து, அவரே ஒரு நிகழ்ச்சியைப் பதிந்து, எடுத்து, அழிக்கட்டும். அம்மா அதைச் செய்து முடித்த பிறகுதான் நான் கையெழுத்துப் போட்டேன்.