ஒரு கட்டுரை யாருக்குப் பயன்பட்டது?



மிஷன் மருத்துவமனைகளின் ஆண்டறிக்கையை வாசிக்கும்போது, இத்தனை பிரசவங்கள், இத்தனை அறுவைச் சிகிச்சைகள் என்ற கணக்குகளுக்குப் பின்னால் சில சமயம் வேறொரு கணக்கும் வரும். வெளியான ஆய்வுக் கட்டுரைகள் இத்தனை. மற்ற ஆய்வாளர்கள் அவற்றை மேற்கோள் காட்டியது இத்தனை முறை. பிரசவக் கணக்கு நமக்கு உடனே விளங்குகிறது. மேற்கோள் கணக்கு விளங்குவதில்லை. "நோயாளிகள் வரிசையில் காத்திருக்கும்போது டாக்டர் கட்டுரை எழுதிக்கொண்டிருக்க வேண்டுமா? நாம் கொடுப்பது மருந்துக்குப் போகட்டுமே" என்று சபைகளில் கேட்பவர்கள் உண்டு. அது நியாயமான கேள்விதான். ஒருவருடைய ஆய்வுப் பணியை எடுத்துக்கொண்டு, இந்தப் பாடத்தில் அதற்கு விடை தேடுவோம்.

நாம் எடுத்துக்கொள்வது டாக்டர் ககன்தீப் காங் அவர்களின் பணி. சிம்லாவில் பிறந்த இவர், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்து, அங்கேயே பல ஆண்டுகள் சிறு பிள்ளைகளின் குடல் நோய்களை ஆராய்ந்தவர். முந்நூறுக்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகளில் இவர் பெயர் இருக்கிறது. 2019-ல் லண்டன் ராயல் சொசைட்டி இவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. இந்தியாவில் பணியாற்றி அந்தச் சிறப்பைப் பெற்ற முதல் பெண் அறிவியலாளர் இவரே.

1. மேற்கோள் என்பது என்ன?

நம் பக்கத்துக் கல்யாண வீடுகளில் மொய் எழுதும் நோட்டை எல்லாரும் பார்த்திருக்கிறோம். இன்ன ஊரிலிருந்து இன்னார் வந்து இவ்வளவு வைத்தார் என்று பெயர் விடாமல் எழுதுவார்கள். ஆய்வுக் கட்டுரையின் கடைசியில் வரும் பட்டியலும் ஏறக்குறைய அதைப் போன்றது. "எங்கள் ஆய்வுக்கு இன்னின்னாருடைய கண்டுபிடிப்பைப் பெற்றுக்கொண்டோம்" என்று எழுதியவர்கள் அங்கே ஒப்புக்கொள்கிறார்கள். அப்படி ஒருவர் பெயர் ஒரு முறை எழுதப்பட்டால் அது ஒரு மேற்கோள்.

உலகெங்கும் வெளியாகும் ஆய்விதழ்களின் பட்டியல்களைத் திரட்டி, யாருடைய கட்டுரையை யார் யார் எடுத்தாண்டார்கள் என்று தேடிப் பார்க்க வழி செய்தவர் அமெரிக்காவைச் சேர்ந்த யூஜின் கார்ஃபீல்டு. அவருடைய அறிவியல் மேற்கோள் அட்டவணை 1964-ல் வெளிவந்தது. 2005-ல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியல் பேராசிரியர் 'எச் எண்' என்னும் அளவை முன்வைத்தார். ஒருவர் எழுதியவற்றில் 20 கட்டுரைகள், ஒவ்வொன்றும் குறைந்தது 20 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவர் எண் 20. நூறு கட்டுரை எழுதியும் ஒருவரும் எடுத்தாளாவிட்டால் அவர் எண் பூஜ்யம். எழுதியது எவ்வளவு என்பதோடு, பிறர் அதைக் கையில் எடுத்தார்களா என்பதையும் சேர்த்துப் பார்க்கும் அளவு இது.

2. வேலூரிலிருந்து வெளிவந்தவை

குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸை 1973-ல் ஆஸ்திரேலியாவில் ரூத் பிஷப்பும் அவருடன் பணிபுரிந்தோரும் கண்டறிந்தார்கள். ஆனால் நம் நாட்டில் பேதியோடு மருத்துவமனைக்கு வரும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்தக் கிருமி காரணம்? பல இடங்களில் ஒரே முறையில் எண்ணினால்தான் அது தெரியும். 2005 டிசம்பர் முதல் இரண்டு ஆண்டுகள், நாட்டின் ஏழு பகுதிகளில் பத்து மருத்துவமனைகள் சேர்ந்து அதை எண்ணின. பேதிக்காகச் சேர்க்கப்பட்ட ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்குச் சுமார் 39 பேருக்கு இந்தக் கிருமி இருந்தது. இதைச் சொன்ன கட்டுரை 2009-ல் வெளிவந்தது. அதில் முதல் பெயர் டாக்டர் காங்குடையது.

அடுத்த கேள்வி இன்னும் ஆழமானது. ஒரு முறை இந்த நோய் வந்து போன பிள்ளைக்கு மறுபடியும் வராதபடி உடல் காத்துக்கொள்ளுமா? மெக்சிகோ நாட்டில் நடந்த ஆய்வு, இரண்டு முறை தொற்று வந்த பிள்ளைக்குப் பின்பு கடுமையான நோய் வருவதில்லை என்று 1996-ல் சொல்லியிருந்தது. வேலூரின் நெருக்கமான குடியிருப்புகளில் பிறந்த 373 குழந்தைகளை மூன்று வயது வரை தொடர்ந்து கவனித்தபோது வேறு விடை கிடைத்தது. ஆறு மாதத்துக்குள்ளாகவே 56 சதவீதம் குழந்தைகளுக்குத் தொற்று வந்துவிட்டது. மூன்று முறை தொற்று வந்த பின்பும் கிடைத்த பாதுகாப்பு 79 சதவீதம்தான். 2011-ல் வெளியான இந்தக் கட்டுரை மற்ற ஆய்வாளர்களுக்கு ஒன்றைத் தெளிவாக்கியது: வேறு நாட்டில் கண்ட பலனை அப்படியே நம் பிள்ளைகளிடம் எதிர்பார்க்க முடியாது, தடுப்பு மருந்தை இங்கேதான் சோதித்துப் பார்க்க வேண்டும்.

2014-ல் வெளியான மற்றொரு கட்டுரை, இந்தியாவில் ரோட்டா வைரஸால் ஆண்டுக்குச் சுமார் 78,000 குழந்தைகள் இறப்பதாகவும், சுமார் 8,72,000 குழந்தைகள் மருத்துவமனையில் சேர்க்கப்படுவதாகவும் மதிப்பிட்டது. தடுப்பு மருந்து வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்பவர்களின் மேசையில் வைக்க ஓர் எண்ணிக்கை கிடைத்தது.

3. ஒரு கை ஓசை அல்ல

இந்த வேலையைத் தனி ஒருவர் செய்துவிடவில்லை. தடுப்பு மருந்துக்கு ஆதாரமான வைரஸ் வகை, 1980-களில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் பிறந்த குழந்தைகளிடம் டாக்டர் எம். கே. பான் குழுவினர் கண்டெடுத்தது. அந்தக் குழந்தைகளுக்குத் தொற்று இருந்தது, நோய் இல்லை. அதிலிருந்து மருந்து தயாரித்தது ஹைதராபாத்தின் பாரத் பயோடெக் நிறுவனம். மத்திய அரசும், அமெரிக்க ஆய்வாளர்களும், அறக்கட்டளைகளும் துணை நின்றார்கள். டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் மருந்து சோதிக்கப்பட்டது. முடிவு 2014-ல் வெளியானது. முதல் வயதில், கடுமையான ரோட்டா வைரஸ் பேதியை இம்மருந்து சுமார் 56 சதவீதம் குறைத்தது.

56 தானா என்று தோன்றலாம். லட்சக்கணக்கான பிள்ளைகள் மருத்துவமனைக்கு வரும் நாட்டில், அதில் பாதிக்கு மேல் தவிர்த்தால் எவ்வளவு என்று கணக்கிட்டுப் பாருங்கள். 2016-ல் நான்கு மாநிலங்களில் அரசு இதைத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்த்தது. தமிழ்நாட்டுக்கு 2017-ல் வந்தது.

அத்தோடு வேலை முடியவில்லை. அமெரிக்காவில் முன்பு வந்த ஒரு ரோட்டா வைரஸ் மருந்து, சில குழந்தைகளுக்குக் குடல் ஒன்றனுள் ஒன்று செருகிக்கொள்ளும் ஆபத்தை உண்டாக்கியதால் 1999-ல் நிறுத்தப்பட்டது. நம் மருந்திலும் அப்படி ஏதும் உண்டா என்று 27 மருத்துவமனைகளில் கவனித்தார்கள். அந்த ஆபத்து கூடவில்லை என்ற முடிவு 2020-ல் வெளியானது. மருந்து கொடுத்துவிட்டு அதன் தீங்கையும் தேடிப் பார்ப்பதே நேர்மையான ஆய்வு.

கட்டுரையின் தலைப்பில் டாக்டர்களின் பெயர்கள் வரிசையாக நிற்கும். அந்த 373 வீடுகளுக்கு வாரந்தோறும் நடந்தவர்கள், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மலத்தைச் சேகரித்துப் பெயர் மாறாமல் குறித்து ஆய்வுக்கூடத்தில் சேர்த்தவர்கள், மூன்று ஆண்டுகள் சலிக்காமல் கதவைத் திறந்த தாய்மார்கள் ஆகியோரின் கணக்கு எந்த மேற்கோள் அட்டவணையிலும் ஏறாது. ஆனால் அவர்கள் இல்லாமல் அந்த எண்களில் ஒன்றும் இல்லை.

4. எண்ணிக்கை ஏமாற்றவும் கூடும்

மொய் நோட்டில் இன்னொரு பழக்கமும் உண்டு அல்லவா? "நீ எனக்கு வைத்தாய், நான் உனக்கு வைக்கிறேன்" என்பது. ஆய்வுலகிலும் தங்களுக்குள்ளேயே மாறி மாறி மேற்கோள் காட்டி எண்ணிக்கையை ஏற்றிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள்.

தவறான கட்டுரையும் நிறைய மேற்கோள் பெறலாம். அம்மைத் தடுப்பூசியால் பிள்ளைகளுக்கு ஆட்டிசம் வரலாம் என்ற பயத்தைக் கிளப்பிய கட்டுரை ஒன்று 1998-ல் இங்கிலாந்தில் வெளிவந்தது. அது வெறும் 12 பிள்ளைகளைப் பற்றியது. 2010-ல் அந்த ஆய்விதழே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதற்குள் பல நாடுகளில் பெற்றோர் மிரண்டு போனார்கள். அந்தக் கட்டுரையைக் குறிப்பிட்டவர்களில் பலர் அதை மறுக்கவே குறிப்பிட்டார்கள். அட்டவணையோ பாராட்டையும் மறுப்பையும் ஒன்றாகவே எண்ணும்.

ஆகவே எண்ணிக்கையைக் கேட்கலாம். அதோடு நிறுத்திவிடக் கூடாது. யார் எடுத்தாண்டார்கள்? எதற்காக? அதனால் எங்கே என்ன மாறியது? யாரிடமிருந்து விவரம் வாங்கினார்களோ அவர்கள் வீட்டுக்குப் பயன் திரும்பி வந்ததா? இவற்றையும் கேட்பதே பொறுப்புள்ள விசாரிப்பு.

5. அச்சங்குளத்துக்கு என்ன வந்தது, என்ன வர வேண்டும்?

விருதுநகர் மாவட்டத்தில் சாத்தூருக்குப் பக்கத்தில் உள்ள அச்சங்குளத்தை எடுத்துக்கொள்வோம். வேலூர் ஆய்வுகளின் பயன் இவ்வூருக்கும் வரும் வழி இருக்கிறது. பிறந்த 6, 10, 14-ஆம் வாரங்களில் குழந்தைக்குக் கொடுக்க வேண்டியவை என்று அரசு வகுத்துள்ள அட்டவணையில் ரோட்டா வைரஸ் மருந்தும் இடம்பெற்றிருக்கிறது. அதைக் கொடுக்கும் செவிலியரும், வாங்கிக்கொள்ளும் தாயும் அந்தக் கட்டுரைகளைப் படித்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் அச்சங்குளம் என்றதும் நம் நினைவுக்கு வருவது வேறொன்று. 2021 பிப்ரவரி 12 அன்று அங்கே பட்டாசு ஆலையில் நேர்ந்த வெடிவிபத்தில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்து, விசாரிக்கக் குழு அமைத்தது. அதற்கு முன் 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் 35-க்கும் மேற்பட்டோர் மாண்டதையும் நாம் மறக்கவில்லை.

செய்தித்தாள் இறந்தவர்களை எண்ணுகிறது. பொது சுகாதார ஆய்வு அதற்கு மேலும் எண்ண வேண்டும். வெடித்த நேரம் என்ன? மருந்து கலக்கும் அறையில் எத்தனை பேர் இருந்தார்கள்? காயம்பட்டவர் எத்தனை நிமிடத்தில் எந்த மருத்துவமனையை அடைந்தார்? உடலில் எத்தனை சதவீதம் வெந்திருந்தது? பிழைத்தவரின் விரல்கள் ஆறு மாதத்துக்குப் பின் மடங்குகின்றனவா? அவர் மறுபடி வேலைக்குப் போனாரா? பெரிய விபத்துகளில் மட்டுமல்ல, ஒருவர் இருவர் கருகி வரும் சிறிய விபத்துகளிலும் இவற்றைக் குறித்து வைக்க வேண்டும்.

இதை ஒரு மருத்துவமனை தனியாகச் செய்ய முடியாது. ஒரே நோயாளிக்குச் சாத்தூரில் முதலுதவி, சிவகாசியில் சேர்க்கை, பின்பு மதுரைக்கு மாற்றம் என்று நேரலாம். அவருடைய கதை மூன்று பதிவேடுகளில் துண்டு துண்டாகக் கிடக்கும். ரோட்டா வைரஸை எண்ணப் பத்து மருத்துவமனைகள் ஒரே படிவத்தில் எழுதியதைப் போல, இங்கும் ஒரே படிவம் வேண்டும். எந்த நேரத்தில், எந்த வேலையில் ஆபத்து கூடுகிறது என்று அப்போதுதான் ஆதாரத்தோடு சொல்ல முடியும். ஆதாரம் இருந்தால் அதிகாரிகளும் ஆலை உரிமையாளர்களும் அதை எளிதில் தள்ளிவிட முடியாது.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். டாக்டரின் கை தன் முன்னே வந்த நோயாளிக்கு உதவுகிறது. நன்றாக எழுதிய கட்டுரை, அந்த மருத்துவமனையின் வாசலை மிதிக்கவே வாய்ப்பில்லாதவருக்கும் உதவுகிறது. இரண்டும் வேண்டும். ஒழுங்காக எழுதும் ஒரு பதிவேட்டு எழுத்தருக்கும், வீடு வீடாகப் போகும் ஒரு களப்பணியாளருக்கும் சம்பளமாகப் போகும் காணிக்கை வீண் அல்ல; அதுவும் மருந்துக்குக் கொடுத்ததுதான்.

கூடிச் சிந்திக்க:

அ. "56 சதவீதம்" என்பதை உங்கள் சபையில் ஒரு தாய்க்கு எப்படி எளிதாக விளக்குவீர்கள்?

ஆ. நீங்கள் ஆதரிக்கும் மருத்துவமனை ஆய்வுக் கட்டுரை வெளியிட்டால், அதைப் பற்றி என்ன மூன்று கேள்விகள் கேட்பீர்கள்?

இ. பட்டாசு ஆலையில் வேலை செய்யும் குடும்பங்கள் உங்கள் சபையில் உண்டா? தீக்காயத்துக்குப் பின் அவர்கள் எங்கே போனார்கள், எத்தனை நேரம் ஆயிற்று என்று யாராவது கேட்டுக் குறித்ததுண்டா?