கைம்பெண்ணின் வழக்கும் நமது வாக்கியங்களும்

லூக்கா நற்செய்தியின் 18 ஆம் அதிகாரத்தில் இயேசு ஆண்டவர் சொன்ன சிறு கதை ஒன்று உண்டு. ஒரு நகரில் நடுவர் ஒருவர் இருந்தார். அவர் கடவுளுக்கு அஞ்சாதவர், மனிதரையும் மதியாதவர். அந்நகரில் வாழ்ந்த கைம்பெண் ஒருத்தி தனக்கு நீதி வழங்குமாறு கேட்டு ஓயாமல் அவரிடம் வந்தாள். நெடுநாள் இணங்காத நடுவர், அவளுடைய தொல்லை பொறுக்க முடியாமல் ஈற்றில் நீதி வழங்க முன்வந்தார். மனந்தளராமல் மன்றாட வேண்டும் என்பதைக் கற்பிக்கவே ஆண்டவர் இக்கதையைச் சொன்னார்.

அந்தப் பெண் நேரில் போய்ப் பேசினாள். அவள் சொன்னது விளங்காவிட்டால் நடுவர் திருப்பிக் கேட்டிருக்கலாம். காணிக்காகவும் வீட்டுக்காகவும் நாமோ பெரும்பாலும் கடிதம் மூலமே கேட்கிறோம். பிரதேச செயலாளரின் மேசையில் கிடக்கும் கடிதத்திடம் எவரும் விளக்கம் கேட்பதில்லை. அது தானாகவே விளங்க வேண்டும். ஆகவே, இக்கதையைப் பற்றிய சில பிழையான வாக்கியங்களைத் திருத்திப் பழகுவோம். திருத்தத்தைப் பார்க்குமுன் நீங்களே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். வீட்டில் உள்ளவர்களுக்குச் சத்தமாக வாசித்தும் காட்டுங்கள். பல பிழைகளைக் காதே கண்டுபிடித்துவிடும்.

1. எழுவாயும் பயனிலையும்

பிழை: அவளுடைய முறைப்பாடுகள் கேட்பாரின்றிக் கிடந்தது.
திருத்தம்: அவளுடைய முறைப்பாடுகள் கேட்பாரின்றிக் கிடந்தன.

'முறைப்பாடுகள்' பன்மை. ஆகவே பயனிலையும் பன்மையாக வரவேண்டும். பேச்சில் 'கிடந்தது' என்று சொல்வோம்; எழுத்தில் அது பொருந்தாது. 'இல்லை' என்ற சொல் ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவானது.

2. ல, ள, ழ

பிழை: மனந்தலராத பெண் தன் வளக்கில் வென்றாள்.
திருத்தம்: மனந்தளராத பெண் தன் வழக்கில் வென்றாள்.

நமது பேச்சில் ழகரமும் ளகரமும் ஒன்றுபோல ஒலிப்பதால் இப்பிழை வருகிறது. வீடு நிற்கும் நிலம் 'வளவு'. வயலில் நாம் செய்வது 'உழவு'. இவ்விரண்டையும் நினைவில் வைத்தால் வேற்றுமை மறவாது.

3. ஒற்று மிகுதல்

பிழை: நடுவருக்கு பயப்படாமல் நீதியை கேட்டாள்.
திருத்தம்: நடுவருக்குப் பயப்படாமல் நீதியைக் கேட்டாள்.

'கு', 'ஐ' என்னும் உருபுகளில் முடியும் சொல்லுக்குப் பின் க, ச, த, ப வரிசை எழுத்துகளில் தொடங்கும் சொல் வந்தால், இடையில் அந்த ஒற்று மிகும்.

4. காற்புள்ளி

அவள் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்த நடுவரிடம் போனாள்.

இங்கே அழுதவர் யார்? நடுவர் அழுததாகவும் பொருள் கொள்ளலாம். 'அவள் அழுதுகொண்டு, உட்கார்ந்திருந்த நடுவரிடம் போனாள்' என ஒரு காற்புள்ளி இட்டதும் ஐயம் தீர்கிறது.

மனுவில் இந்தச் சிறு புள்ளி பெரிய காரியம். 'இக்காணி அந்தோனி சூசை மரியம்மா ஆகியோருக்கு உரியது' என்று எழுதினால் உரிமையாளர் எத்தனை பேர்? தகப்பன் பெயரை முன்னே எழுதும் வழக்கம் நமக்கு உண்டு. 'அந்தோனி சூசை, மரியம்மா' என்றால் இருவர். 'அந்தோனி, சூசை, மரியம்மா' என்றால் மூவர். காற்புள்ளி விடுபட்டால் ஒருவருடைய பங்கே கணக்கில் வராமல் போகலாம்.

5. மேற்கோட்குறி

பிழை: நடுவர் நான் இவளுக்கு நீதி வழங்குவேன் என்றார்.
திருத்தம்: நடுவர், "நான் இவளுக்கு நீதி வழங்குவேன்" என்றார்.

ஓர் அதிகாரி நம்மிடம் சொன்னதை எழுதும்போதும் இவ்வாறே செய்வோம். அவர் சொன்ன சொற்கள் மட்டும் குறிக்குள் நிற்கட்டும். நமது கருத்து வெளியே நிற்கட்டும். அவர் சொன்ன திகதியையும் சேர்த்து எழுதுவோம்.

பயிற்சி

பின்வருவனவற்றைத் திருத்துக:

அ. 1990 ஆம் ஆண்டு நாங்கள் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தேன்.
ஆ. எமது வழவில் இருந்த வீடு கிணறு மாட்டுக்கொட்டில் ஆகியன அழிந்துவிட்டது.
இ. காணி உருதியை கிராம அலுவலருக்கு காட்டினோம்.

விடைகள்

அ. 1990 ஆம் ஆண்டு நாங்கள் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தோம்.
ஆ. எமது வளவில் இருந்த வீடு, கிணறு, மாட்டுக்கொட்டில் ஆகியன அழிந்துவிட்டன.
இ. காணி உறுதியைக் கிராம அலுவலருக்குக் காட்டினோம்.

கடிதத்தை எழுதி முடித்ததும், விடயம் தெரியாத ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். யார், எதை, எங்கே, எப்போது என்று அவர் தடுமாறாமல் சொன்னால் கடிதம் சரி. பிரதி ஒன்றைத் திகதியுடன் பத்திரப்படுத்துங்கள். பதில் வராவிட்டால் முதற் கடிதத்தின் திகதியைக் குறிப்பிட்டு மீண்டும் எழுதுங்கள். கைம்பெண்ணும் ஒரு முறை கேட்டுவிட்டு வீட்டில் இருந்துவிடவில்லை.